ஏழாம் பாத்திக் கோங்கு

அரசு நாற்றுப்பண்ணையில் அவளுக்கு வழங்கிய பெயர் ஏனக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மண் சலித்துக்கொண்டிருந்தவளிடம் மேஸ்திரி, "இந்தக் குவியலை அந்தப் பக்கம் மாத்திப் போடு" என்றார். "ஏன்?" என்றாள். மேஸ்திரிக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஓய்வுபெற்றுப் போய், அடுத்தவர் வந்து, அவரும் போய்ப் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட ஏனக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பதினாறு வருஷமும் தினக்கூலி. வேலையை நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்று அந்த வருஷம்தான் மேலே போயிருந்தது. அதில் அவள் பெயர் நாலாவது. டவுன் பஸ் கண்டக்டரான அவள் புருஷன் தினமும் காலையில் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே, "இந்த ஒரு வருஷம் வாயைக் கட்டிக்கிட்டு இரு தாயே" என்று கும்பிடுவார். "கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பாள். அவள் அளவில் அது உண்மைதான்.

பண்ணைக்குத் தண்ணீர் ஏற்றும் பழைய பம்பு வீடு தெருவுக்கு மறுபக்கம். அதன் பின்னால் ஒரு கோங்கு மரம் நின்றது. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. அது இலை உதிர்த்து மொட்டையாக நின்றதை யாரும் பார்த்ததில்லை. கோங்குப் பலகையில் கரையான் வாய் வைக்காது, தண்ணீரில் கிடந்தாலும் உளுக்காது. அந்தப் பெருமையே அதற்கு எமனானது. பாலத்துக்கு, படகுக்கு, தண்டவாளக் கட்டைக்கு என்று காட்டில் இருந்ததையெல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதை வெட்டவோ, நாற்றாக இருந்தால் பிடுங்கவோ கூடாது என்று ஒரு சுற்றறிக்கை பண்ணை அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதால் அதைப் படித்ததில்லை. திட்டு வாங்குவதற்காக எதிரே நிற்கிறவர்களுக்குத்தான் அது கண்ணில் படும். ஏனக்காவுக்கு மனப்பாடமே ஆகியிருந்தது.

ஏழு வருஷம் பூக்காமல் இருந்த மரம் அந்தக் கோடையில் பூத்தது. பம்பு ஓட்டுகிறவர்தான் வந்து சொன்னார். ஊருக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்பது அவர் கையில் இருந்ததால் அவரை வால்வு என்பார்கள்.

"ஏனக்கா, உன் மரம் மூக்கைத் துளைக்குது, வந்து பாரு."

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவள் மரத்தடியில்தான் இருந்தாள். பூ கொட்டி, பிஞ்சு பிடித்து, ஒருநாள் விதைகள் இறங்க ஆரம்பித்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இறக்கை. காற்றில் சுற்றிச் சுற்றி வந்து பம்பு வீட்டுக் கூரையிலும் வால்வின் வழுக்கைத் தலையிலும் உட்கார்ந்தன. கோங்கு விதைக்கு ஆயுள் பத்து நாள். அதற்குள் மண்ணுக்குள் போகாவிட்டால் உயிர் காய்ந்துவிடும். அவள் அதிகாரியிடம் போய் நின்றாள். முப்பது வயது இருக்கும் அவருக்கு. கெட்டவர் என்று சொல்ல முடியாது, பயந்த சுபாவம்.

"இந்த வருஷ லிஸ்ட்ல கோங்கு இல்லையேம்மா" என்றார்.

"ஏன் சார் இல்ல?"

"ஏழு வருஷமா காய்க்காத மரத்தை எவன் லிஸ்ட்ல சேர்ப்பான்? அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"விதை அடுத்த வாரமே செத்துரும் சார்."

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "நீ ஒண்ணும் கேக்கல. நான் ஒண்ணும் சொல்லல. போ."

இதைவிடத் தெளிவான அனுமதி அவளுக்குத் தேவைப்படவில்லை. பண்ணையின் கடைசியில், கழிவறைச் சுவரை ஒட்டி இருந்த ஏழாம் பாத்திக்கு யாரும் போவதில்லை. அங்கே பழைய நிழல்வலையைத் தைத்துக் கட்டினாள். தாய்மரத்தடி மண்ணை நாலு சாக்கில் அள்ளிவந்து மணலோடு கலந்து பைகளில் நிரப்பினாள். அந்த மண்ணில் இருக்கும் ஒருவிதப் பூசணம் வேரில் ஒட்டிக்கொண்டால்தான் கோங்கு தேறும். கூட வேலை பார்க்கும் நெட்டை என்கிற உயரமான பெண், "உனக்குக் கூலியில்லாத வேலைன்னா உடம்பு சிலிர்த்துக்கும்" என்று திட்டிக்கொண்டே பாதிப் பைகளை நிரப்பிக் கொடுத்தாள். முந்நூற்றுச் சொச்சம் முளைத்தது. ஒரு தகரத் துண்டில் பெயின்ட்டால் எழுதி நட்டாள்: கோங்கு. தாய்மரம், பம்பு வீடு.

ஐந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரும்போதே ரம்பச் சத்தம் கேட்டது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவைத் தாண்டி ஓடினாள். மரம் கீழே கிடந்தது. கிளைகளைக் கழித்து, அடிமரத்தை மூன்று துண்டாக்கி, கிரேனில் சங்கிலி மாட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வால்வு சுவரோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சனிக்கிழமை ராத்திரியே ஆரம்பிச்சிட்டானுங்க" என்றார். "ஆபத்தான மரமாம். கரன்ட் கம்பி மேல சாயுதாம்."

"கம்பி அந்தப் பக்கம்ல போகுது?"

"அதை என்கிட்ட கேட்டு என்ன பண்ண?"

அவள் மரம் வெட்டும் கான்ட்ராக்டரிடம் போய் அனுமதிக் காகிதத்தைக் கேட்டாள். இவள் யார், எதற்குக் கேட்கிறாள் என்று யோசிப்பதற்குள் அந்த ஆள் கொடுத்தும் விட்டான். பெரியவர் என்று எல்லோரும் சொல்லும் டிவிஷன் அலுவலகத்து மேலதிகாரி கையெழுத்துப் போட்ட சான்று அது. மரத்தின் பெயர் என்ற இடத்தில் பீநாறி என்று எழுதியிருந்தது. உபயோகம், விறகு மட்டும்.

பீநாறி என்பதும் ஒரு மரம்தான். பெயருக்கேற்ற நாற்றம் அடிக்கும் பூ, நகத்தால் கீறினால் பள்ளம் விழும் மெத்தென்ற கட்டை. யாரும் வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். அவள் காகிதத்தைப் பார்த்தாள், வெட்டிய துண்டைப் பார்த்தாள். ரம்பம் பிடித்தவன் பக்கம் திரும்பினாள்.

"ஏம்ப்பா, ரம்பத்துக்கு எத்தனை சங்கிலி போச்சு?"

"நாலு" என்றான் அவன், உண்மையை மறைக்கும் யோசனை இல்லாமல். "இரும்பு மாதிரி இருக்கு."

"பீநாறிக்கா நாலு சங்கிலி அறுந்துச்சு?"

அவன் கான்ட்ராக்டரைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். கான்ட்ராக்டர் காகிதத்தைப் பிடுங்கினான். அவள் லாரிக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு பேர் வந்து, கையை முறுக்காமல், ஒரு பீரோவை நகர்த்துவதுபோல அவளை நகர்த்தி வைத்தார்கள். லாரி போய்விட்டது. அவள் அங்கே நின்று, மரம் இருந்த இடத்தில் புதிதாகத் தெரிந்த வானத்தைப் பார்த்தாள். பிறகு அதைப் பார்க்கப் பிடிக்காமல் பண்ணைக்குத் திரும்பி, அன்று முழுக்கத் தண்ணீர் ஊற்றினாள்.

வியாழக்கிழமை அதிகாரி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏழாம் பாத்தியைக் காலி பண்ணணும்மா. அதுல இருக்கறதைப் பிடுங்கிப் போட்டுட்டுப் பூச்செடி வைக்கணும். பெரியவர் போன்ல சொல்லிட்டார்."

"ஏன் சார்? பத்தாம் பாத்தி சும்மாதானே கிடக்கு?"

காரணத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை. வெட்டின மரம் பீநாறி என்றால், அதன் பிள்ளைகள் முந்நூறு பேர் கோங்கு என்ற பலகையோடு அரசுப் பண்ணையிலேயே நிற்பது எப்படி? அந்தக் கேள்வியை யாராவது கேட்பதற்குள் பிள்ளைகள் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

ஏனக்கா அவர் தலைக்கு மேல் சுவரைப் பார்த்தாள்.

"சரி சார். பிடுங்கிடறேன். எழுதிக் குடுங்க."

"எதை?"

"எந்தச் செடியைப் பிடுங்கணும்னு, பேரைப் போட்டு."

அதிகாரி ஆறுதலாக மூச்சு விட்டார். இவ்வளவுதானா என்று ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். கோங்கு என்று எழுதப் போனவர் கை நின்றது. முதல் தடவையாகத் திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுற்றறிக்கையை வரிவரியாகப் படித்தார். பிடுங்குகிறவர், பிடுங்கச் சொல்கிறவர் இருவரும் குற்றவாளிகள் என்று மூன்றாவது வரியில் இருந்தது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். "பீநாறின்னே போட்டுடறேன். அவங்க ஆபீஸ் காகிதத்துலயும் அதுதானே இருக்கு."

"தாராளமா போடுங்க சார். ஆனா அந்தப் பாத்தியில பீநாறி ஒண்ணுகூட இல்லையே, எதைப் பிடுங்கறது? இல்லாத செடியைப் பிடுங்கினேன்னு நாளைக்கு என்னைக் கேட்டா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு வியர்த்தது. ஆனால் உதட்டோரத்தில் எதையோ அடக்கிக்கொண்டதுபோலவும் இருந்தது.

மறுநாள் பெரியவரே ஜீப்பில் வந்து இறங்கினார். கட்டையான மனிதர், கணீரென்ற குரல். நேராக ஏழாம் பாத்திக்குப் போனார். பின்னாலேயே அதிகாரி; வேலை பார்த்த பன்னிரண்டு பெண்களும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்து கூடினார்கள்.

"எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேட்டது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் ஏனக்கா.

"நீ என்ன பெரிய வக்கீலா? கூலிக்கு வந்தவ, சொன்னதைச் செய்."

"செய்யறேன் சார். என்ன செடின்னு நீங்களே சொல்லிடுங்க." குனிந்து ஒரு நாற்றின் இலையைத் திருப்பிக் காட்டினாள். "நரம்பு பிரியற மூலையில சின்னதா குழி தெரியுது பாருங்க. பீநாறி இலை விரிச்ச கை மாதிரி இருக்கும். இது தனி இலை. படிக்காத எனக்கே தெரியுது, படிச்ச உங்களுக்குத் தெரியாதா?"

பெண்களில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பெரியவர் முகம் கறுத்தது. இவளை விட்டுவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "என்ன வேடிக்கை? ஆளுக்கு ஒரு வரிசை, பிடுங்குங்க!" என்று சத்தம் போட்டார்.

நெட்டையும் இன்னொருத்தியும் தலையைக் குனிந்துகொண்டு பாத்தியில் இறங்கினார்கள். ஏனக்கா அவர்களைத் தடுக்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. நாற்றுகளின் ஆணிவேர் பையைத் தாண்டித் தரைக்குள் இறங்கியிருந்ததால், ஒவ்வொன்றையும் இழுக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வந்தது. ஏனக்கா அந்தச் சத்தங்களை எண்ணினாள். ஒரு வரிசை முடிந்தது. முப்பது நாற்று போனது. இரண்டாவது வரிசையில் கை வைத்த நெட்டை சட்டென்று நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், முதுகு பிடிச்சிக்கிச்சு சார். குனிய முடியல."

"எனக்கும்தான் சார்" என்றாள் இன்னொருத்தி.

பெரியவர் மூன்றாவது பெண்ணைப் பார்த்தார். அவள் கேட்பதற்கு முன்பே இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். பிறகு நாலாவது, ஐந்தாவது. ஒரு நிமிஷத்தில் பண்ணையில் நேரான முதுகு ஒன்றுகூட இல்லை. அதிகாரி வானத்தைப் பார்த்தார்.

பெரியவர் ஏனக்காவின் முன்னால் வந்து குரலைத் தணித்தார். "நிரந்தர லிஸ்ட்ல உன் பேர் நாலாவது, இல்ல? திங்கட்கிழமை காலையில வருவேன். இந்தப் பாத்தி காலியா இருக்கணும். இல்லன்னா லிஸ்ட்ல உன் இடம் காலியா இருக்கும்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் அதைச் சொன்னபோது முதலில் வாய் திறந்தது நாத்தனார். கண்டக்டருக்கு அக்கா, முன்அறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள்.

"உனக்கு வேலை நிரந்தரமாகப் போகுதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டேன்டி. இப்ப மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"இருக்கற இடத்துலயே இருக்கட்டும் அண்ணி, நல்லாத்தான் இருக்கு."

"இந்தக் கொழுப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

கண்டக்டர் சாப்பிட்டுக் கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டே, "பதினாறு வருஷம்" என்றார். "அவ்வளவு வருஷம் வெயில்ல நின்னது இந்த லிஸ்டுக்காகத்தானே?"

"ஆமாங்க."

"அப்புறம்?"

"அந்த மரத்தை என் கண்ணு முன்னாடி விறகுன்னு சொல்லித் தூக்கிட்டுப் போனாங்க. நான் பார்த்துக்கிட்டு நின்னேன். இன்னொரு தடவை அப்படி நின்னா, அப்புறம் நிரந்தர வேலை வந்து என்ன, வராம என்ன." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "பாத்தி காலியாத்தானே இருக்கணும்? நாளைக்குச் சனிக்கிழமை."

கண்டக்டருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. சனிக்கிழமைதோறும் பண்ணையில் பொதுமக்களுக்கு நாற்று கொடுப்பார்கள். ஆளுக்கு ஐந்து, இலவசம். செடியின் பெயரும் அது எந்த மரத்துப் பிள்ளை என்பதும் எழுதிய சீட்டில் அதிகாரி சீல் வைத்துத் தருவார். வழக்கமாகப் பத்துப் பேர் வந்தால் அதிகம்.

புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். எழுந்து போய் வாசலில் நின்றார், திரும்பி வந்தார். "என் பஸ்ல ஒரு நாளைக்கு எண்ணூறு பேர் ஏறி இறங்குறான்" என்றார், யாரையோ திட்டுகிற தொனியில்.

மறுநாள் காலையில் அந்த பஸ்ஸில் ஏறியவர்களெல்லாம் டிக்கெட்டோடு ஒரு செய்தியையும் வாங்கிக்கொண்டார்கள். "நூறு வருஷம் நிக்கற மரம், இனிமே கிடைக்காது, நாற்றுப்பண்ணை ஸ்டாப்ல இறங்கிக்கோ! ஐயா, சும்மா தர்றாங்க, இறங்குங்க! அம்மா, நீங்க எங்க போறீங்க, ஆஸ்பத்திரிக்கா? வரும்போது இறங்குங்க!" நாத்தனார் துணி தைக்கக் கொடுத்தவர்களையெல்லாம், செடி வாங்கிவந்தால்தான் ஜாக்கெட் கிடைக்கும் என்று மிரட்டி அனுப்பியது பிற்பாடுதான் தெரிந்தது.

ஒன்பது மணிக்கே வாசலில் வரிசை நின்றது. முடிவெட்டுகிறவர், நர்ஸ், ஓய்வுபெற்ற வாத்தியார், மெக்கானிக் கடைக்காரர் என்று கலவையான கூட்டம். அதிகாரி மேஜையில் சீலை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் ஆள் வாத்தியார். சீட்டை நீட்டினார்.

"சார்" என்றாள் ஏனக்கா. "உங்களுக்குச் சங்கடம்னா..."

அதிகாரி அவளைப் பார்க்காமலே பேசினார். "இந்தச் செடியை யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு எனக்கும் எழுத்துல ஒண்ணும் வரல." சீல் பொத்தென்று விழுந்தது. முதல் சீல் கோணலாக விழுந்தது. பத்தாவதுக்குமேல் ஒவ்வொன்றும் நேராகவும் அழுத்தமாகவும் விழுந்தது.

ஏனக்கா பாத்தியருகே நின்று ஒவ்வொருவருக்கும் பாடம் எடுத்தாள். "ரெண்டு வருஷம் நேர் வெயில் படக்கூடாது. பை மண்ணைக் கொட்டிடாதீங்க, அப்படியே குழியில இறக்குங்க." மெக்கானிக், "எப்பக்கா காய்க்கும்?" என்றார். "நீ காய்க்கறதைப் பார்க்க மாட்டே. நிழலை வேணா பார்ப்பே." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அதுக்கென்ன" என்று ஐந்தையும் அணைத்துக்கொண்டு போனார். மூன்று மணிக்குக் கடைசி நாற்றும் போனது. அவள் பாத்தியைக் கூட்டிவிட்டு, பெயர்ப்பலகையைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை பெரியவர் வந்தபோது பாத்தி துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது.

"பிடுங்கிட்டியா?"

"இல்ல சார். ஊருக்குக் குடுத்தாச்சு. ஐம்பத்தஞ்சு வீட்டுல இருக்கு. சீட்டுல கோங்குன்னு எழுதி, தாய்மரம் பம்பு வீடுன்னு போட்டு, அரசாங்க சீல் வெச்சுக் குடுத்திருக்கு. இனிமே வீடு வீடாப் போய்த்தான் பிடுங்கணும். முகவரி வேணுமா?"

அவர் கை ஓங்கினார். பன்னிரண்டு பெண்களும் ஒரு எட்டு முன்னால் வந்தார்கள். ஓங்கிய கை தொப்பியைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கியது.

இதற்கு மேல் நடந்தது அவள் கையில் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தாய்மரத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பம்பு வீட்டுக்குப் போனவர், வெட்டிய அடிக்கட்டையைத்தான் பார்த்தார். வால்வு அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வாத்தியார் சீட்டின் நகலை இணைத்து மனு எழுதினார், இன்னும் முப்பது பேரை எழுத வைத்தார். விசாரிக்க வந்தவர்கள் தேடியதில், ஊருக்கு வெளியே ஒரு மரக்கிடங்கில் தார்ப்பாயின் கீழ் மூன்று துண்டும் கிடைத்தன. சீல் வைத்தார்கள். விசாரணை இன்னும் நடக்கிறது. பெரியவர் நீண்ட விடுப்பில் போய், பிறகு வேறு ஊரில், இதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதாகக் கேள்வி. பண்ணை அதிகாரிக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. நிரந்தரப் பட்டியல் வந்தபோது மூன்றாவது பெயருக்கு அடுத்து ஐந்தாவது பெயர் இருந்தது. ஏனக்காவை டிவிஷன் அலுவலகத்து வாசல் பெருக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

அன்று மட்டும் அவள் அழுதாள், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு. நாத்தனார் கதவைத் தட்டி, "தண்ணி வீணாப் போகுது, வெளிய வந்து அழு" என்றாள்.

ஐம்பத்தைந்து வீட்டுக்குப் போன செடிகள் எல்லாமே பிழைத்துவிடவில்லை. மொட்டை மாடி வெயிலில் வைத்துக் கருக்கியவர்கள் உண்டு, தினம் மூன்று வேளை தண்ணீர் ஊற்றி அழுக வைத்தவர்கள் உண்டு. ஏனக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷன் பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தாள், திட்டினாள், நிழல் கட்டினாள். கோடை முடிந்தபோது நூற்று நாற்பது நின்றது.

அடுத்த பட்டியல் தயாராகும் சமயம் டிவிஷன் அலுவலகத்து கிளார்க் அவளை உள்ளே கூப்பிட்டு, டைப் அடித்த ஒரு தாளை மேஜைமேல் நகர்த்தினார். நல்ல மனிதர்.

"வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி. நானே அடிச்சு வெச்சிருக்கேன். கையெழுத்துப் போடும்மா, பேர் திரும்ப வந்துரும். இந்தத் தடவை விட்டா உனக்கு வயசு தாண்டிடும்."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நின்றபடியே படித்தாள். மேலதிகாரியின் அனுமதியின்றிச் சில செடிகளை விநியோகித்தமைக்கு வருந்துகிறேன் என்று இருந்தது.

"பேனா குடுங்க சார்."

கிளார்க் சந்தோஷமாக நீட்டினார். அவள் 'சில செடிகளை' என்பதை அடித்துவிட்டு மேலே நிதானமாக எழுதினாள்: 'இருநூற்று எழுபத்தைந்து கோங்கு நாற்றுகளை'. 'வருந்துகிறேன்' என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கையெழுத்துப் போடவில்லை.

"என்னம்மா இது?"

"இப்பச் சரியா இருக்கு சார். ஃபைல்ல வெச்சுக்கோங்க."

பேனாவை மேஜையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் பாதி பெருக்கியாகிவிட்டது, பாதி பாக்கி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோரு வீடு பார்க்க வேண்டியிருந்தது. அதில் இரண்டு வீட்டுக்காரர்கள் அவளைக் கண்டாலே கதவைச் சாத்துகிறவர்கள். முதலில் அந்த இரண்டுக்கும் போய்விட வேண்டும் என்று நினைத்தபடியே அவள் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள்.